ரங்கூன் சாப்பாட்டுக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்: டீக்கு கேக்குறீங்க, சோத்துக்கும் கேளுங்க

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே, கல்லாவுல உக்காந்திருக்குற மாமாமாரே,

அனாவ்ரதா ரோட்டுல (நம்ம பெருசுங்க இன்னும் பிரேசர் ரோடுன்னுதான் சொல்லுதுங்க) காளி கோயில் பக்கத்துலேந்து மொகல் ஸ்ட்ரீட் வரைக்கும், அதுக்கு உள்ள இருக்குற சந்துபொந்துலயும், செட்டி தமின் (நம்ம ஊரு அளவில்லா சோத்துச் சாப்பாடு) கடை, டன்பௌ (பர்மா பிரியாணி) கடை, தோசைக்கடை, டீக்கடைன்னு நடத்துற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். எந்த ஒரு கடையையும் மனசுல வச்சு எழுதல. யாரும் "இது நம்மளத்தான் சொல்றான்"னு எடுத்துக்க வேணாம், எல்லா கடையிலயும் ஒரே கதைதான்.

முதல்லயே சொல்லிடுறேன், இது புகார் கடுதாசி இல்ல. சாப்பாடு மோசம், ருசி இல்ல, அளவு கம்மின்னு எழுதுறதுக்கு ஊருல நெறைய பேர் இருக்காங்க. என் பிரச்சினை அதுக்கு நேர் எதிர். ருசி ஜாஸ்தி, அளவு ஜாஸ்தி, பாசம் அதவிட ஜாஸ்தி. அதுல நான் மட்டும் இல்ல, என்னோட ஆபீஸ்ல பாதி பேரு, கோயில்ல பாக்குறவங்கள்ல முக்காவாசி பேரு, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டு திரியுறோம்.

"அப்ப வெளிய சாப்பிடாத"ன்னு சொல்லுவீங்க. டாக்டரும் அதத்தான் சொல்றாரு. சொல்றது சுலபம். டவுன்ல வேலை பாக்குறவன் காலைல டீக்கடை, மத்தியானம் சோத்துக்கடை, சாயங்காலம் மறுபடி டீக்கடை, ராத்திரி வீட்டுக்குப் போனா கரன்ட் இல்ல, ரைஸ் குக்கரும் கரன்ட் அடுப்பும் சும்மா பொம்மை மாதிரி உக்காந்திருக்கு, சரின்னு கீழ எறங்கி ஒரு பார்சல். இதான் எங்க வாழ்க்கை. நாங்க வெளிய சாப்பிடுறது உல்லாசத்துக்கு இல்ல. அதனால எடைய கட்டுப்படுத்துறதுன்னா அது உங்க கடையிலதான் நடக்கணும், வேற எங்கயும் நடக்க வழி இல்ல.

"நீ ஒண்ணும் அவ்ளோ குண்டா இல்லயே தம்பி"ன்னு ஒரு மாமா என்கிட்ட சொன்னாரு, ஆசையாத்தான் சொன்னாரு. ஆனா நம்ம உடம்பு வாகு வேற மாமா. வெள்ளைக்காரனுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்குற கணக்கு) 25 தாண்டுனாத்தான் எச்சரிக்கை, ஆசியாக்காரங்களுக்கு 23லயே ஆபத்து கூட ஆரம்பிச்சுடுதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணருங்க 2004லயே சொல்லிட்டாங்க. கணக்குப் போட்டா அஞ்சடி அஞ்சங்குலம் இருக்குற ஆளு 63 கிலோ தாண்டுனாலே ஜாக்கிரதையா இருக்கணும். 63 கிலோ ஆள நம்ம ஊருல யாராவது குண்டுன்னு சொல்லுவாங்களா, "என்னப்பா எளச்சுப் போயிட்ட"ன்னுதான் கேப்பாங்க. நம்மாளுங்களுக்கு கையும் காலும் ஒல்லியா இருக்கும், கொழுப்பு பூரா வயித்துல போயி உக்காந்துக்கும், அதான் சக்கரைய கூட்டிட்டு வருது. இந்த நாட்டுல 2014ல எடுத்த சர்வேயிலயே 25லேந்து 64 வயசுக்காரங்கள்ல பத்துல ஒருத்தருக்கு சக்கரை இருந்துச்சு. நம்ம சமூகத்துல எத்தனைன்னு தனியா எண்ண வேணாம், உங்க கடைல சாப்பிட்டு முடிச்சதும் பாக்கெட்லேந்து மாத்திரை எடுக்குறவங்கள பாத்தாலே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வரேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு நீங்க புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம், உங்க டீக்கடையிலயே அது இருக்கு.

டீக்கடையில உக்காந்து பையனப் பாத்து "பொ க்யா"ன்னு சொன்னா இனிப்பு கம்மியா டிகாஷன் தூக்கலா வருது. "ச்சோ செய்ன்"னு சொன்னா பாலும் இனிப்பும் ததும்ப வருது. "க்யா செய்ன்"னா திக்கா, பாலோட. ஒண்ணும் சொல்லத் தெரியாதவனுக்கு "போன் ஹ்மான்", சாதா டீ. பத்து வயசுப் பையன் அங்கேந்து ஒரு கத்து கத்துறான், டீ மாஸ்டர் திரும்பிக்கூட பாக்காம கரெக்டா கலக்கி விடுறாரு. யாரும் "ஏன் சார் இனிப்பு கம்மி, சக்கரையா?"ன்னு துக்கம் விசாரிக்கிறது இல்ல. கம்மியா கேட்டவன் கஞ்சனும் இல்ல, நோயாளியும் இல்ல. அவனுக்கு அப்டி புடிக்கும், அவ்ளோதான். ஒரு கப் டீக்கு இத்தனை மரியாதை குடுக்குற ஊருல சோத்துத் தட்டுக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு அளவு? அதான் என் கேள்வி. டீக்கு வாங்குற மாதிரி சோத்துக்கும் எண்ணெய்க்கும் ஒரு ஆர்டர் வாங்குங்க. அரையா, முழுசா. எண்ணெயோடயா, எண்ணெய் இல்லாமலா. அவ்ளோதான் மொத்த மடலும், மீதி எல்லாம் அதுக்கு விளக்கம்.

செட்டி தமின் கடையில என்ன நடக்குதுன்னு சொல்றேன். தட்டு வருது, வரும்போதே சோறு குவிஞ்சு வருது. பருப்பு, ரசம், பொரியல், அப்பளம், கேட்டா மீனு இல்ல கறி. நான் பாதி சோறு திங்குறதுக்குள்ள பையன் வாளியோட வந்துடுறான். "போதும்பா"ன்னு சொல்றேன், அவன் காதுல "போடும்பா"ன்னு விழுதோ என்னமோ. கைய குறுக்க மறிக்கிறேன். அவன் கரண்டி என் கைக்கு மேல வராது, சைடுல வரும், விரலுக்கும் தட்டு விளிம்புக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும் பாருங்க, அதுல ஒரு கரண்டி சோத்த அப்டியே சரிச்சு விட்டுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிடுவான். என் கைல சூடு சோறு ஒட்டியிருக்கும். கல்லாவுலேந்து முதலாளி வேற "நல்லா சாப்டுங்க தம்பி, கூச்சப்படாதீங்க"ன்னு குரல் குடுப்பாரு. அந்த சோத்த வச்சிட்டு எந்திரிச்சா எங்க அப்பத்தா மேலேந்து திட்டும். அரிசி விக்கிற விலைல வீணாக்கவும் மனசு வராது. தின்னுட்டுதான் எந்திரிப்போம். அந்த ஒரு கரண்டி 150 கிராம் வச்சுக்கங்க, கிட்டத்தட்ட 200 கலோரி, பசியே இல்லாம உள்ள போகுது.

இது என் மனசோட பலவீனம்னு சொல்லித் தள்ளிட முடியாது. தட்டுல ஜாஸ்தி வச்சா மனுஷன் ஜாஸ்தி திம்பான், கம்மியா வச்சா கம்மியா திம்பான். காக்ரேன்னு ஒரு அமைப்பு 2015ல ஏகப்பட்ட ஆய்வ ஒண்ணா சேத்துப் பாத்துட்டு இதையேதான் சொன்னாங்க, அளவும் பாத்திரமும் பெருசானா சாப்பிடுறதும் கூடுது. அதனால கட்டுப்பாடா இரு, நாக்க அடக்குன்னு எங்களுக்கு உபதேசம் பண்றதவிட, உங்க பையன்கிட்ட வாளிய கேட்டுட்டு சாய்க்கச் சொல்றது பல மடங்கு பலன் குடுக்கும்.

இதுல ஒண்ணு தெளிவா சொல்லணும், இல்லேன்னா தப்பா போயிடும். எல்லாருக்கும் சோத்த கொறைங்கன்னு நான் சொல்லவே இல்ல. துறைமுகத்துல மூட்டை தூக்குறவரு, சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) மிதிக்கிறவரு, காலைலேந்து வெயில்ல கட்டட வேலை பாத்துட்டு வர்ற பொம்பளைங்க, அவங்களுக்கு அந்த ரெண்டாவது கரண்டியும் மூணாவது கரண்டியும் வேணும், ஒரே காசுல வயிறு நெறைய சோறு போடுறதுதான் செட்டி தமின் கடையோட பேரே. அத யாரு தொட்டாலும் நானே சண்டைக்கு வருவேன். ஏசி ரூம்ல நாற்காலியில ஒக்காந்து கணக்கு எழுதுற என்னையும் அவரையும் ஒரே வாளியில அளக்காதீங்கன்னுதான் சொல்றேன். எங்களுக்கு சின்னக் கிண்ணத்துல ஒரு கிண்ணம் சோறு கவுத்து வைங்க, காசு கொறைக்கக்கூட வேணாம், முழு காசே வாங்கிக்கங்க. அதுக்குப் பதிலா பொரியலோ கீரையோ ஒரு கரண்டி கூட வச்சா சந்தோஷம், வைக்கலேன்னாலும் வருத்தம் இல்ல.

அடுத்து எண்ணெய். இங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும்.

பர்மாக்காரங்க கறி வைக்கிற முறை நமக்கும் வந்துடுச்சு, நம்ம கடை ஆட்டுக்கறியும் கோழியும் மீனும் இப்ப அப்டித்தான் இருக்கு. வெங்காயம் பூண்டு இஞ்சி மஞ்சள் அரைச்சுப் போட்டு, தண்ணி பூரா வத்தி, எண்ணெய் மேல பிரிஞ்சு மெதக்குற வரைக்கும் விடுறது. அது இல்லேன்னா கறி வேகலன்னு அர்த்தம். ஏன் அவ்ளோ எண்ணெய்ங்குறதும் தெரியும், காலைல ஆக்குன கறி ராத்திரி வரைக்கும் தட்டுல இருக்கணும், ஃப்ரிட்ஜ் நம்ப முடியாது, மேல ஒரு விரல்கட்ட எண்ணெய் நின்னா காத்தும் ஈயும் தூசியும் கறியத் தொடாது. கரன்ட் போற ஊருல அது புத்திசாலித்தனம். அதனால எண்ணெய கம்மியா ஊத்தி ஆக்குங்கன்னு உங்க மாஸ்டர்கிட்ட போயி நான் சொல்ல மாட்டேன், சொன்னா கரண்டியாலயே அடிப்பாரு, அடிக்கிறதுல ஞாயமும் இருக்கு.

நான் சொல்றது அள்ளுற விஷயம். இப்ப எப்டி அள்ளுறாங்க? கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி நிக்கிற அக்கா கரண்டிய மேலாக்க விட்டு ஒரு சுத்து சுத்தி, ரெண்டு துண்டு கறிய எடுத்து கிண்ணத்துல வச்சிட்டு, மறுபடி கரண்டிய மேலாக்க விட்டு அந்த செவப்பு எண்ணெய மட்டும் தனியா எடுத்து மேல ஊத்துவாங்க. அது பாசம். எனக்கு ஓரவஞ்சனை இல்லாம நெறைய ஊத்துறாங்கன்னு புரியுது. ஆனா ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, அந்தக் கரண்டில ரெண்டு ஸ்பூனாவது இருக்கும், 240. சூலே பகோடாலேந்து ஸ்வேடகோன் வரைக்கும் நடந்து போயி கும்பிட்டுட்டு நடந்தே திரும்பி வந்தாத்தான் அது கரையும், அதுவும் பிளாட்பாரத்துல கடை போட்டிருக்குற எடத்தையெல்லாம் சுத்திக்கிட்டு. அதுக்குப் பதிலா கரண்டிய அடிவரைக்கும் விட்டு, சாய்ச்சு, எண்ணெய் வடிய ஒரு மூச்சு நிறுத்தி எடுத்தா போதும். கறி அதே கறி, மசாலா அதே மசாலா, ருசி பூரா அடியில இருக்குற தொக்குலதான இருக்கு. மிச்சமாகுற எண்ணெய் உங்களுக்குத்தான். ஒரு நாளைக்கு அம்பது பேருக்கு ரெண்டு ஸ்பூன் மிச்சம்னா கிட்டத்தட்ட 1.4 கிலோ, இந்த ஊரு ஒரு வீசைக்கு (1.6 கிலோ) கொஞ்சம்தான் கொறைவு. எண்ணெய் வீசை என்ன விலைக்குப் போகுதுன்னு உங்களுக்கு நான் சொல்லவா வேணும். ஒரே ஒரு வேண்டுதல், அந்த எண்ணெய வாரக்கணக்குல திரும்பத் திரும்ப காய்ச்சி வடை போட்டுறாதீங்க.

சில கடையில இப்ப "நாங்க பாமாயில் விட்டுட்டோம், சூரியகாந்திக்கு மாறிட்டோம்"னு பெருமையா சொல்றாங்க. நல்ல விஷயம், ரொம்ப நல்ல விஷயம், நெஞ்சுக்கு நல்லது. ஆனா எடைக்கு அது ஒண்ணும் பண்ணாது. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ பாமாயிலோ, எல்லாத்துக்கும் கிராமுக்கு 9 கலோரிதான். இத மொரீசியஸ்காரங்க அனுபவத்துல பாத்துட்டாங்க, அங்கயும் நம்ம ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க இல்லையா. 1987க்கும் 1992க்கும் நடுவுல அங்க கவர்மென்டு ரேஷன் எண்ணெய பாமாயில்லேந்து சோயா எண்ணெய்க்கு மாத்துனாங்க. ஜனங்களோட சராசரி கொலஸ்ட்ரால் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்குல) 5.5லேந்து 4.7க்கு எறங்குச்சு, உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா அதே அஞ்சு வருஷத்துல அங்க குண்டானவங்க எண்ணிக்கை ஏறுச்சு. எண்ணெயோட ஜாதி மாறுனா ரத்தம் மாறும், இடுப்பு மாறணும்னா அளவு மாறணும்.

டீக்கடை முதலாளிமாரே, உங்கள புகழ்ந்துட்டேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு.

நான் டீ மட்டும் சொல்றேன். டீ வர்றதுக்கு முன்னாடி தட்டு வந்துடுது. சமோசா ரெண்டு, ஈ க்யா க்வே (நீளமா பொரிச்ச மாவுப் பலகாரம்) ஒண்ணு, கேக்குத் துண்டு, இனிப்பு பன்னு. நான் கேக்கல. திங்குறதுக்கு மட்டும் காசு குடு, திங்கலேன்னா குடுக்காதங்குறது நல்ல பழக்கம்தான், ஏமாத்து வேலை இல்ல. ஆனா மூக்குக்கு நேரா சூடான சமோசாவ வச்சிட்டு "வேணும்னா எடுத்துக்க"ன்னு சொல்றது இருக்கே. அரைமணி நேரம் கூட்டாளியோட அரசியல், ஃபுட்பால், பிரீமியர் லீக் பேசிக்கிட்டு இருக்கும்போது கை தானா போகும், எந்திரிக்கும்போது தட்டு காலி, பையன் வந்து எண்ணிட்டுப் போவான். அந்தத் தட்ட கேட்டா மட்டும் கொண்டாந்தா போதும். இல்ல, வச்சே ஆகணும்னா அவிச்ச பயறு ஒரு கிண்ணம் வைங்க. நானப்யாவோட (நான் ரொட்டி) தொட்டுக்கக் குடுக்குற அந்த பெ ப்யோதான், மேல கொஞ்சம் வெங்காயம், எண்ணெய் சொட்டு விடாம. புரோட்டீனு, நாரு எல்லாம் இருக்கு, வயிறு ரெண்டு மணி நேரம் கத்தாது. உங்க கடையிலேயே இருக்குற நல்ல சாமான நீங்களே பின்னாடி ஒளிச்சு வைக்கிறீங்க.

டீயோட கணக்கும் சொல்லிடுறேன். கன்டென்ஸ்டு மில்க் ஒரு டேபிள் ஸ்பூன்ல பாலோட சொந்த இனிப்பு போக சேத்த சீனி மட்டும் சுமார் 9 கிராம், மொத்தம் 60 கலோரிக்கு மேல. ச்சோ செய்ன்ல ரெண்டு ஸ்பூன் போச்சுன்னா 18 கிராம். ஒரு நாளைக்கு வெளிலேந்து சேக்குற சீனி 25 கிராமுக்குள்ள இருந்தா ரொம்ப நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆக காலைல ஒரு டீலயே அன்னைக்கு கோட்டாவுல முக்காவாசி முடிஞ்சுது. நம்மாளு மூணு குடிப்பான். பொ க்யாவுக்கு மாறுனவங்களுக்கு இந்த எடத்துலயே நல்ல மிச்சம். ஆனா இப்ப சில கடையில கலக்குறத விட்டுட்டு த்ரீ இன் ஒன் பாக்கெட்ட கிழிச்சு சுடுதண்ணியில கொட்டிக் குடுக்குறீங்க, அதுல பொவும் இல்ல க்யாவும் இல்ல, கம்பெனிக்காரன் வச்சதுதான் இனிப்பு. அது ஒரு அநியாயம். கேட்டு கலக்கிக் குடுக்குற கலைய நீங்களே கைவிட்டா அப்புறம் டீக்கடைக்கும் எங்க ஆபீஸ் பேன்ட்ரிக்கும் என்ன வித்தியாசம். ஒவ்வொரு டேபிள்லயும் சும்மா குடுக்குறீங்களே ஃபிளாஸ்க்குல வெறும் டீத்தண்ணி, பால் இல்ல சீனி இல்ல காசும் இல்ல, அதுக்கு கோடி புண்ணியம், அத மட்டும் எந்தக் காலத்துலயும் நிறுத்திடாதீங்க.

டன்பௌ கடைக்காரங்களுக்கு சின்னதா. பிரியாணிய யாராலயும் லேசாக்க முடியாது, லேசாக்குனா அது பிரியாணி இல்ல. நெய்யி, முந்திரி, திராட்சை, கால் கிலோ கோழி, அதோட மலை மாதிரி சோறு. அரை பிளேட்டுன்னு ஒண்ணு போடுங்க. பாதி விலைக்கு வேணாம், கோழித்துண்டு அதே அளவு வச்சு, சோத்த மட்டும் பாதியாக்கி, முக்கா விலைக்குப் போடுங்க. அரிசியில லாபம் உங்களுக்கு. கூட வர்ற புளிச்ச சூப்பையும் சாலட்டையும் முதல்ல கொண்டாந்து வைங்க, பிரியாணி ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு வரட்டும். காய்கறியும் கறியும் முதல்ல தின்னுட்டு சோத்த கடைசில தின்னா சாப்பாட்டுக்கு அப்புறம் சக்கரை ஏறுறது கொறையுதுன்னு ஆய்வுல பாத்திருக்காங்க. பர்மாக்காரன் கடையில பச்சைக்காயும் ஙாப்பி (புளிக்க வச்ச மீனு) தண்ணியும் தட்டு நெறைய முன்னாடியே வந்து உக்காந்திருக்குதே, அத நம்ம ஆளுங்க பாதிப் பேரு "இது மாடு திங்குறது"ன்னு ஒதுக்கி வைக்கிறாங்க, வாடை புடிக்கலேன்னா ஙாப்பிய விட்டுட்டு காய மட்டுமாவது கடிக்கலாமே. இது வாடிக்கையாளருக்கு, உங்களுக்கு இல்ல.

தோசைக்கடைக்கு ஒரு வரி. கல்லுல ஊத்துனதுக்கு அப்புறம் சுத்தி ஊத்துற எண்ணெய கேட்டுட்டு ஊத்துங்க. மொய்ங்கா (மீன் சாறு ஊத்துன அரிசி நூடுல்ஸ்) போடுறவங்களுக்கும் அதே, கெளுத்தி மீன் சாறும் வாழத்தண்டும் நல்ல சாப்பாடு, அதுல கெடுக்குறது மேல நொறுக்கிப் போடுற பொரிச்ச அயிட்டம்தான், "அதுவும் போடவா?"ன்னு ஒரு வார்த்தை.

இப்ப உங்க பக்கம் வரேன். உங்களுக்கு என்ன பயம்னு எனக்குத் தெரியும். "சோத்த கொறச்சுட்டான், கறில எண்ணெய் இல்ல, கடை நொடிச்சுப் போச்சு போல"ன்னு பேரு கெட்டுப் போகும். சாமானெல்லாம் ஏறிக் கெடக்குற இந்த நேரத்துல அளவ கொறச்சா ஜனங்க அப்டித்தான் பேசுவாங்க, உண்மைதான். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப சொல்றேன், நீங்களா கொறைக்காதீங்க, கேட்டவனுக்கு கொறைங்க. பொ க்யா குடுத்த டீக்கடைய "சீனி வாங்க வக்கில்லாதவன்"னு யாராவது பேசியிருக்காங்களா? ஏன்னா அது அவன் கேட்டு வாங்குனது. நம்ம சனத்துல இன்னொரு கஷ்டமும் இருக்கு, எல தட்டு முன்னாடி உக்காந்து கொறச்சு வைன்னு சொல்றது போடுறவங்கள அவமானப்படுத்துற மாதிரி ஆயிடுது. நாங்களா வாயத் தொறந்து கேக்கவே மாட்டோம், கேட்டாலும் ரெண்டாவது தடவை வற்புறுத்துனா தலைய ஆட்டிடுவோம். அதனால முதல்ல கேக்க வேண்டியது உங்க பையன்தான். அவன் "அரையா முழுசா"ன்னு கேட்டா எங்களுக்கு வாய் தொறந்துடும்.

சிங்கப்பூர்ல இருக்குற என் மச்சான் சொல்றாரு, அங்க 2023 டிசம்பர் 30லேந்து பெரிய கடைங்கள்ல கலக்கிக் குடுக்குற டீ காப்பி ஜூஸுக்கெல்லாம் கூட சீனி, கொழுப்பு அளவு பாத்து ஏ, பி, சி, டின்னு கிரேடு போடணுமாம், சி, டி வந்தா மெனுவுல காட்டியே ஆகணுமாம். நம்ம ஊருல அதெல்லாம் இப்போதைக்கு நடக்கப் போறது இல்ல, இங்க ஆபீசருங்களுக்கு வேற வேலை ஆயிரம் இருக்கு. சட்டம் வந்து சொல்றதுக்கு முன்னாடி கடைக்காரங்களே பண்ணிட்டா கௌரவமாவும் இருக்கும், ஃபைன் கட்டுற தொல்லையும் இல்ல.

இன்னொண்ணு. பணக்காரங்க இருக்குற கோல்டன் வேலி பக்கம் புதுசா சில கஃபே வந்திருக்கு, டயட்டு சாப்பாடுன்னு சொல்லி நாலு இலைய ஒரு பெரிய கிண்ணத்துல போட்டு மூணு நாள் சோத்துக் காச வாங்குறாங்க. எடைய பாத்துக்குறதுன்னா அது பணக்காரன் சமாச்சாரம்னு ஆக்கிட்டாங்க. எங்களுக்கு அந்தக் கிண்ணம் வேணாம். உங்க ரசம் வேணும், உங்க கீரைக்கூட்டு வேணும், வாழப்பூ பொரியல் போடுற அன்னைக்கு நான் ரெண்டு தெரு சுத்தியாவது வருவேன். அந்த சாப்பாட்டுல டயட்டுக்கு ஆகாத சாமான் எதுவும் இல்ல, வாளியும் கரண்டியும்தான் கொஞ்சம் அவசரப்படுது.

நீங்க என்ன பண்ணணும்னா, செவத்துல விலைப்பட்டியல் ஒட்டியிருக்கீங்க இல்ல, அதுக்குக் கீழ மூணு வரி சேக்கணும். அரைச்சோறு கேட்டால் கிடைக்கும். கறியில் எண்ணெய் வேண்டாம் என்றால் சொல்லவும். பலகாரத் தட்டு கேட்டால் மட்டும். தமிழ்லயும் பர்மீஸ்லயும் எழுதிப் போட்டா போதும். லேமினேஷன் பண்ணி குடுக்க நானும் எங்க ஆபீஸ் கூட்டாளிங்க நாலு பேரும் தயாரா இருக்கோம், கடைக்கு ஒண்ணு, காசு வேணாம். மத்தியானம் ரஷ்ஷு முடிஞ்சு ரெண்டரை மணி வாக்குல வந்து பேசுறேன், அப்ப உங்களுக்கும் உக்கார நேரம் இருக்கும். பையனுங்களுக்கு சொல்லிக் குடுக்குறது மட்டும் நீங்கதான் பாத்துக்கணும், என் பேச்ச அவனுங்க கேக்க மாட்டானுங்க.

வர்ற புரட்டாசிக்கு முன்னாடி ஆரம்பிச்சா நல்லது, அப்ப எப்டியும் பாதி சனம் கவுச்சி விட்டுட்டு காய்கறிக்கு வந்திருக்கும், மாஸ்டருக்கும் அள்ளிப் பழக ஒரு மாசம் கெடைக்கும்.

இப்படிக்கு,
காத்தாடிக்குக் கீழ இருக்குற டேபிளுக்கு தெனம் வந்து போற வாடிக்கையாளன்
ரங்கூன்